வெஞ்சனம்

முதலில் தாள் கிழிபடுகிற சத்தம்தான் கேட்டது.

நஸீமா டீச்சர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். இருதயராஜ் கிழித்த தாளைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டிருந்தார். ஆட்டோ ஓட்டுகிறவர். டீச்சர் வீட்டில் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைக் கவிதை வகுப்பில் அவளைவிட வயதில் மூத்த ஒரே மாணவர்.

"கிளம்புறேன் டீச்சர். இனிமே வரமாட்டேன்."

"ஏண்ணே?"

"வேரைப் பத்தி எழுதச் சொன்னீங்க. அவங்கவங்க ஆறு, வயல், அப்பத்தான்னு எழுதுறாங்க. நான் சிஸ்டருங்க நடத்துன ஹோம்ல வளர்ந்தவன். பேரே அவங்க வச்சதுதான். இல்லாத வேரை எங்க போய்த் தோண்டுறது?"

நஸீமா சோற்றுப் பாத்திரத்தை அவர் கையில் கொடுத்தாள்.

"பரிமாற ஆள் இல்லண்ணே. இதை முடிச்சுட்டுப் போங்க."

கூடத்தில் வகுப்புக்கு வந்தவர்கள் எல்லாரும் மதியச் சாப்பாட்டுக்குத் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். இருதயராஜ் முகம் கொடுக்காமல் சோறு போட்டார். குழம்பும் ஊற்றினார். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"டீச்சர், வெஞ்சனத்தை எடுங்க."

கல்லூரியில் படிக்கிற கோமதி சிரித்துவிட்டாள். "என்னது அங்கிள் அது? வெடி மருந்தா?"

"தொட்டுக்கிறது, பாப்பா. பொரியல், கூட்டு, எதுவானாலும்."

"மெட்ராஸ்ல யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்ல. நீங்க எந்த ஊரு?"

"மெட்ராஸ்தான்."

நஸீமா புடலங்காய்ப் பொரியல் சட்டியோடு வந்தாள். கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"யாருண்ணே சொன்னா, அந்த வார்த்தையை?"

"யாரு சொன்னா... ஹோம்ல சமைக்கிற அம்மா. சந்தனமாரின்னு பேரு. அருப்புக்கோட்டைப் பக்கம். புருஷன் செத்த பிறகு பிழைக்க வந்தது. சட்டியில அடிப்பிடிச்ச உருளைக்கிழங்கைச் சுரண்டி எனக்குன்னு ஒதுக்கி வைக்கும். நான் அவசரக்காரன், வெறுஞ்சோத்தை அள்ளிப் போட்டுக்குவேன். 'ஏலே, வெஞ்சனத்தைத் தொட்டுத் தின்னு, விக்கிக்கிறும்'னு முதுகைத் தடவிக்கிட்டே..."

அவர் கை தானாகச் சட்டைப் பையிலிருந்த கிழிந்த தாளுக்குப் போனது.

கோமதி சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். யாரும் சாப்பிடவில்லை.

இருதயராஜ் மெதுவாகச் சொன்னார்:

"பாவம், அதுக்குப் பிள்ளைகுட்டின்னு யாருமில்ல டீச்சர்."

"அப்படியா?" என்றாள் நஸீமா.

அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு கையை நீட்டிச் சட்டியை வாங்கிக்கொண்டார். கண்ணைத் தோளில் துடைத்துவிட்டு, குனிந்து, கோமதி தட்டிலிருந்து ஆரம்பித்தார்.