ரெமிஜியுஸ் தலையில் முட்டை நுரை

எமரன்சியா டீச்சரின் அறைக்குள் ரெமிஜியுஸ் நுழைந்தபோது அவர் தலைமுடியில் முட்டை நுரை காய்ந்து ஒட்டியிருந்தது. நாற்பத்தைந்து வயது மனிதர், தூத்துக்குடியில் பேர் சொல்லும் மக்ரூன் கடைக்கு முதலாளி. சிரிக்கக் கூடாதுதான். யாரால் முடியும்?

டீச்சர் கேட்டரிங் கல்லூரியில் சொல்லிக்கொடுப்பவர். ரெமிஜியுஸும் ஒரு காலத்தில் அவரிடம் படித்தவர். அந்த மரியாதைக்காக, ஆவுடைச்செல்வி என்ற மாணவியை ஆறு வாரப் பயிற்சிக்குக் கடையில் சேர்த்துக்கொண்டிருந்தார். இன்று நாலாம் நாள்.

“உங்க பிள்ளைய நீங்களே வச்சுக்கிடுங்க டீச்சர்.”

“என்னல ஆச்சு?”

“வெள்ளைக்கரு அடிச்சா. பதம் வந்துட்டுதான்னு எப்படித் தெரியும்னு கேட்டா. பாத்திரத்தைக் கவுத்துப் பாரு, விழாம நின்னா பதம்னேன். கவுத்துட்டா.”

“சரியாத்தான செஞ்சிருக்கா?”

“நான் கீழ குனிஞ்சு பார்த்துக்கிட்டு இருந்தேன்.”

டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

“பயிற்சிய முடிக்காட்டா அவளுக்கு ஒரு வருஷம் போயிரும்ல.”

“அது அவ பாடு. படிக்கிறவ காலேஜ்ல படிக்கட்டும், வேலை செய்யிறவன் கடையில வேலை செய்யட்டும். இப்பம் இவ போனா என் கதி என்ன ஆயிரப்போகுது? நீங்களே சொல்லுங்க.”

டீச்சர் எழுந்தார். கைப்பையை எடுத்தார்.

“வா, உன் கடைக்குப் போவோம்.”

கடையின் பின்கட்டில் ஆவுடை அழுது வீங்கிய கண்ணோடு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். டீச்சர் ஒரு ஏப்ரனை எடுத்து இடுப்பில் கட்டினார்.

“இன்னைக்கு நானும் பயிற்சிக்கு வந்திருக்கேன். சொல்லிக்குடுங்க முதலாளி.”

“ஐயோ, கேலி பண்ணாதீங்க டீச்சர்.”

கேலியே இல்லை. அவர் சொன்னபடி டீச்சர் நுரையில் முந்திரி மாவைக் கலந்தார், தட்டில் கூம்பு கூம்பாக வைத்தார், ஓவனில் ஏற்றினார். பாதி நேரத்தில் ரெமிஜியுஸ் ஓவன் கதவைத் திறந்து, தட்டை முன்பின்னாகத் திருப்பி வைத்தார்.

“எதுக்கு?”

“எங்கப்பா காலத்துல இருந்து இப்படித்தான். திருப்பாட்டா பின்பக்கம் கருகிரும்.”

“அது விறகு அடுப்பு. இது?”

ரெமிஜியுஸ் கதவைச் சாத்திவிட்டு, மணி அடிக்கும்வரை அங்கேயே நின்றார். தட்டு வெளியே வந்தது. ஒவ்வொரு மக்ரூனும் மேலே வெடித்திருந்தது.

“புது ஓவன் வந்து ரெண்டு மாசமா இதே கூத்துதான் டீச்சர். முட்டைய மாத்தினேன், சீனிய மாத்தினேன். ஓவன் வித்தவனையும் ஒருபாடு திட்டிட்டேன்.”

தொட்டிப் பக்கமிருந்து சின்னக் குரல் வந்தது. “நான் வந்த அன்னைக்கே சொன்னேன் டீச்சர். வாய மூடிட்டு வேலையப் பாருன்னாங்க.”

“என்ன சொன்ன?”

“இதுக்குள்ள விசிறி இருக்கு, சூடு தானே சுத்தி வரும். நடுவுல திறந்தா வெடிக்கும்னு படிச்சிருக்கோம்.”

“படிச்சிருக்க. பார்த்திருக்கியா?”

“இல்ல டீச்சர்.”

“அப்போ அடுத்த தட்டை ஏத்து. யாரும் கதவைத் தொடக்கூடாது.”

பிரசவ வார்டு வாசலில் நிற்கும் மாப்பிள்ளை மாதிரி ரெமிஜியுஸ் ஓவனைச் சுற்றிச் சுற்றி வந்தார். கை பரபரத்தது.

“சும்மா நடக்காதல. அவளுக்கு நுரை அடிக்கச் சொல்லிக்குடு.”

வேண்டாவெறுப்பாகத்தான் ஆரம்பித்தார். “காலைல எதை வச்சு நிறுத்தின?”

“புக்ல எட்டு நிமிஷம்னு இருந்துச்சு அண்ணாச்சி.”

“புக்கு நம்ம முட்டையப் பார்த்துச்சா? கடிகாரத்தை விடு, காதைக் குடு. சளசளன்னு கேக்குதா? அது கனத்து வரும். இன்னும் அடி... நிறுத்தாத... இன்னும்...”

“அண்ணாச்சி, சத்தம் மாறுது!”

“அதேதான்! அம்மாடி, உனக்குக் காது இருக்குத்தா!”

காலையில் வந்த கோபம் எங்கே போனதென்று அவருக்கே தெரியவில்லை.

ஓவன் மணி அடித்தது. ஆவுடை தட்டை வெளியே இழுத்தாள். ஒன்றில்கூட வெடிப்பில்லை. ரெமிஜியுஸ் ஒரு மக்ரூனைச் சூட்டோடு வாயில் போட்டு, நாக்கைச் சுட்டுக்கொண்டு, அங்கேயே ஒரு குதி குதித்தார்.

“மருந்தைக் கடைக்குள்ளயே வச்சுக்கிட்டு நாலு நாளா வைத்தியம் தேடியிருக்கனே, பாவி!”

ஆவுடை அழுகையும் சிரிப்புமாக நின்றாள். எல்லாருக்கும் சந்தோஷம். டீச்சர் மட்டும் ஒரு ஸ்டூலை இழுத்து நடுவில் போட்டார்.

“நுரைய இன்னும் சோதிக்கலையே.”

ரெமிஜியுஸ் ஸ்டூலைப் பார்த்தார். பாத்திரத்தைப் பார்த்தார். பிறகு தானாகவே போய் உட்கார்ந்தார்.

“வேண்டாம் அண்ணாச்சி, பயமா இருக்கு.”

“கவுத்து ஆத்தா.”

ஆவுடை இரண்டு கையாலும் பாத்திரத்தை அவர் தலைக்கு மேல் தூக்கிக் கவிழ்த்தாள். ஒரு சொட்டும் விழவில்லை. ரெமிஜியுஸ் அண்ணாந்து பார்த்தார். வெள்ளை வெளேரென்று நுரை அப்படியே நின்றது.

“விழலை டீச்சர்! விழவே இல்லை!”

டீச்சர் ஏப்ரனை அவிழ்த்து மடித்து வைத்தார். கைப்பையைத் தோளில் மாட்டினார்.

“சரி ஆவுடை, பாத்திரத்தை அப்படியே விட்டுட்டுக் கிளம்பு. நாம போவோம்.”

“டீச்சர்!” கவிழ்த்த பாத்திரத்துக்கு அடியில், ஸ்டூலிலிருந்து அசையாமல் ரெமிஜியுஸ் அலறினார். “இப்பம் இவ போனா என் கதி என்ன ஆகும்?”

“காலைலயும் இதைத்தானல கேட்ட,” என்றார் டீச்சர்.