மெழுகில் விழுந்த விரல்

முன்னொரு காலத்தில், மலை இடுக்கு வழியே ஓயாமல் காற்று வீசும் வாடைக்கோட்டை நாட்டைக் கோதண்ட பூபதி என்ற ராஜா ஆண்டுவந்தார். ஆண்டதைவிடத் தும்மியதுதான் அதிகம். திறந்த சபை மண்டபத்தை ஒட்டியிருந்தது அவருடைய படுக்கையறை. கதவை எப்படிச் சாத்தினாலும் காற்று உள்ளே புகுந்துவிடும். ராஜா தும்மினால் சபையே ‘நூறு’ என்று வாழ்த்தும், அடுத்ததற்கு ‘இருநூறு’. ஒருநாள் காலையிலேயே அவருடைய ஆயுள் மூவாயிரத்தைத் தாண்டிவிட்டது.

“போதுமய்யா, இவ்வளவு காலம் தும்மிக்கொண்டே யார் வாழ்வது? இந்தக் காற்றைத் தடுப்பவருக்கு என் வலப்பக்க ஆசனம்” என்றார் ராஜா.

அரண்மனை அதிகாரி அகோரமூர்த்தி துள்ளி எழுந்தார். பதவிக்கு வந்த நாள் முதல் அவர் கண் அந்த ஆசனத்தின் மேல்தான். அமைச்சர் திருமேனி ஏதாவது சொல்லி ராஜா சிரித்துவிட்டால் போதும், இவருக்கு வயிறு எரியும். அன்றைக்குச் சோறு இறங்காது.

உடனே கதவுச் சட்டம் முழுக்கக் கம்பளியை மூன்று மடிப்பாக ஒட்டச் செய்தார். கீல் பக்கம் கம்பளி முட்டிக்கொண்டது. தாழ்ப்பாள் பக்கம் கதவு வாயைப் பிளந்து நின்றது. காற்று முன்னைவிடத் தாராளமாக வந்தது.

“திருமேனி, நீர் பாரும்” என்றார் ராஜா, மூக்கைத் துடைத்தபடி.

திருமேனி கம்பளியை ஒரே மடிப்பாகக் குறைத்தார். தேன்மெழுகை மிளகளவு உருட்டி, அதன்மேல் சுற்றிலும் வரிசையாக வைத்தார்.

“அமைச்சருக்கு விளையாட்டு ஆசை வந்துவிட்டது போலிருக்கிறதே” என்றார் அகோரமூர்த்தி.

“கதவு எங்கே அழுத்துகிறது, எங்கே தொடவே இல்லை என்று வெளியே தெரியாதல்லவா? மெழுகு தட்டையானால் அங்கே இறுக்கம். உருண்டையாகவே இருந்தால் காற்றுக்கு அதுதான் வழி. அங்கே மட்டும் கம்பளியைக் கூட்டினால் போதும்.”

கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். அகோரமூர்த்தி போகவில்லை. மெல்லக் கதவைத் திறந்து பார்த்தார். கீல் பக்கம் மெழுகு அப்பளமாகியிருந்தது. தாழ்ப்பாளுக்குக் கீழ் மூலையில் சில உருண்டைகள் வைத்தது வைத்தபடி இருந்தன. ‘இவ்வளவுதானா? இது எனக்குத் தோன்றாமல் போயிற்றே’ என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த உருண்டைகளை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் நசுக்கிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

ராஜா வந்து பார்த்தார். “எல்லாமே நசுங்கியிருக்கிறதே!”

“அப்படியானால் கதவில் சந்தே இல்லை, மகாராஜா. காற்று எப்படி வருகிறது என்று அமைச்சர்தான் சொல்ல வேண்டும்” என்றார் அகோரமூர்த்தி.

ராஜா முறைத்தார். திருமேனி குனிந்து மூலையை உற்றுப் பார்த்தார். “மகாராஜா, மரக்கதவுக்குக் கைரேகை உண்டா?”

கீல் பக்க மெழுகு வழவழவென்று இருந்தது. மூலையில் இருந்தவற்றிலோ சுழிசுழியாக ரேகை. அகோரமூர்த்தியின் கை தானாகச் சால்வைக்குள் போனது.

“கையை நீட்டும், அதிகாரி” என்றார் ராஜா. நகக்கண்ணில் மெழுகு இருந்தது.

“கோபிக்காதீர்கள், மகாராஜா” என்றார் திருமேனி. “அதிகாரி நமக்கு உதவித்தான் செய்திருக்கிறார். எங்கெல்லாம் கதவு தொடவில்லையோ அங்கெல்லாம் ரேகை வைத்துக் காட்டியிருக்கிறார். அங்கே கம்பளி ஒட்டினால் தீர்ந்தது.”

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். மூலையில் மட்டும் இன்னொரு மடிப்பு ஒட்டினார்கள். “பசை காயும்வரை கதவு அசையக்கூடாது. ஓய் அகோரமூர்த்தி, வெளியே உட்கார்ந்து அந்த மூலையை முதுகால் அழுத்திப் பிடியும்” என்று சொல்லிவிட்டு ராஜா உள்ளே போய்ப் படுத்தார். ஒரு தும்மல்கூட இல்லை, குறட்டைதான் கேட்டது.

காற்று முழுவதும் இப்போது அகோரமூர்த்தியின் மேல் வீசியது. எதிரே வலப்பக்க ஆசனத்தில் திருமேனி அமர்ந்திருந்தார். அகோரமூர்த்தி எவ்வளவோ அடக்கிப் பார்த்தும் முடியாமல் தும்மிவிட்டார்.

சபையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆசனத்திலிருந்து திருமேனி மட்டும் அன்பாக, “நூறு” என்றார்.

அகோரமூர்த்தியால் அதைத்தான் தாங்க முடியவில்லை.