நெத்திலியின் வயிற்றைக் கிள்ளுவது ஏன்

அந்தக் காலத்தில் நெத்திலிக்கு வாய் ஓயாது. கரைக்கு வந்த வலையில் கிடந்தபடியே ஊர்க்கதை பேசும். அந்தக் காலம் என்றால் யுகம் தாண்டிப் போக வேண்டாம். பருத்தி வலை போய் நைலான் வலை வந்த புதிது, அவ்வளவுதான்.

மிக்கேலம்மாள் வலைக் கிழிசலைப் பொத்துகிறவள். அவள் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. இனித் தைக்க முடியாது என்று ஆன வலையைக் குப்பையில் போடமாட்டார்கள். சோறு போட்ட வலை அல்லவா? கண்ணில் ஒற்றிக் கடலிலேயே விட்டுவிடுவார்கள். பருத்தி நூலைக் கடல் சில மாதத்தில் கரைத்துவிடும். மிச்சத்தை நெத்திலிகள் கொறித்துத் தீர்க்கும்.

முதல் நைலான் வலை நைந்தபோதும் மிக்கேலம்மாள் அதைக் கண்ணில் ஒற்றினாள். நெத்திலி ஒன்று அலையில் தலையை நீட்டித் தடுத்தது.

"யக்கா, இது அழுகாது. கரையிலயே வையி."

"எங்க வயித்த நெறச்ச வலைட்டி. மரியாதையா அனுப்ப வேண்டாமா?" என்று அவள் கடலில் விட்டுவிட்டாள். பாவம், அவளைக் குறை சொல்லி என்ன பயன்? அவளுக்குத் தெரிந்த நன்றி அதுதான்.

கடலால் அதைக் கரைக்க முடியவில்லை. வெயிலும் அலையும் சேர்ந்து பொடிப்பொடியாக்கின, அவ்வளவுதான். இரை என்று நினைத்து நெத்திலிகள் விழுங்கின. வயிறு நிறைந்தது, பசி தீரவில்லை. உடம்பு மெலிந்து பேச்சும் குறைந்தது.

அந்த வருஷம் மிக்கேலம்மாளின் மகள் ஜெசிந்தா தலைப்பிள்ளை உண்டாகித் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். எதைத் தின்றாலும் குமட்டல். நெத்திலிக் குழம்பு மட்டும் வேண்டும் என்றாள். அப்போதெல்லாம் நெத்திலியை முழுசாகத்தான் சட்டியில் போடுவார்கள். மிக்கேலம்மாள் கூடைக்குள் கையை விட்டபோது, அன்று தடுத்த அதே நெத்திலி மேலாகக் கிடந்தது.

"யக்கா, புள்ளத்தாச்சிக்கு அப்படியே போட்டுறாத. எங்க வயித்துல ஒன் வலை கெடக்கு."

அதற்குமேல் அது பேசவில்லை. மிக்கேலம்மாள் கட்டைவிரல் நகத்தால் அதன் வயிற்றைக் கிள்ளினாள். நீல நூல் துணுக்குகள் விரலில் ஒட்டின. தான் பொத்திய வலையின் நிறம் அவளுக்குத் தெரியாதா? கூடை நெத்திலியையும் ஒவ்வொன்றாகக் கிள்ளி, ஏழு தண்ணீரில் அலசினாள். அப்படியும் மகள் முதல் கவளத்தை வாயில் வைத்தபோது பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சதைக்குள் போனதை எந்த நகம் கிள்ளும்?

அன்று முதல்தான் நெத்திலி வாயைத் திறந்தபடி பேசாமல் கிடக்கிறது. நாமும் அதன் வயிற்றைக் கிள்ளி எறிந்துவிட்டு, இன்னும் ஏதாவது இருக்குமோ என்று கழுவிக் கழுவிப் பார்க்கிறோம்.