வெயிலுகந்தாளின் கால் புண்

தோலில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்கூட வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கடலோர உப்பளம் ஒன்றில் வெயிலுகந்தாள் என்று ஒருத்தி வேலை செய்தாள். உப்பு வாருவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அது அவளுக்கும் தெரியும். கொஞ்சம் அதிகமாகவே தெரியும்.

ஒருநாள் உப்புப் பாளம் கிழித்து இடது கணுக்காலில் புண் வந்தது. வைத்தியம் சொல்ல வந்தவர்களை எல்லாம் சிரித்தே விரட்டினாள். உப்பில் போட்ட மீன் அழுகுவதில்லை, என் கால் மட்டும் அழுகிவிடுமா என்பது அவள் நினைப்பு. தினமும் கல்லுப்பை அள்ளி முழங்கால் வரை பரபரவென்று தேய்த்தாள். அங்கே தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த சின்ன உயிர்கள் வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சின. அவள் காதில் வாங்கவே இல்லை. பாதிப் பேர் மடிந்தார்கள், மீதிப் பேர் ஓடினார்கள்.

ஆளில்லாத வீட்டில் யார் வேண்டுமானாலும் நுழையலாமே. உப்புக்கு அசையாத முரட்டுக் கூட்டம் ஒன்று புண்ணுக்குள் இறங்கி, வழவழவென்று கூரை போட்டு அதற்கடியில் உட்கார்ந்துகொண்டது. எட்டு மாதமாகியும் புண் ஆறவில்லை. பௌர்ணமிக்குள் ஆறாவிட்டால் பாதத்தை எடுத்துவிட வேண்டியதுதான் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அத்தனை திடமானவள் அன்று உப்புக் குவியல் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

அப்போது உப்புப் படாத அவளுடைய வலது காலிலிருந்து, அங்கே குடியிருந்த சின்ன உயிர் ஒன்றின் குரல் கேட்டது.

"உப்புல கெடக்க மீனு அழுகாது, நெசந்தான். ஆனா அதுக்குப் புண்ணும் ஆறாது தாயி. அது செத்தது. நீ உசுரோட இருக்க."

வெயிலுகந்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குக் காலு வேணும். என்ன செய்யணும், சொல்லு."

உப்புத் தேய்ப்பதை நிறுத்தச் சொன்னது அந்தக் குரல். வழவழப்பை நல்ல தண்ணீரில் சுரண்டிக் கழுவச் சொன்னது. வலது காலை இடது காலோடு ஒட்டி வைத்தால் தன் ஆட்கள் அந்தப் பக்கம் குடியேறிப் புண்ணுக்குக் காவல் நிற்பார்கள் என்றது.

"ஆனா ஒண்ணு. வேலையில எறங்கிட்டா எங்களுக்குப் பேச மூச்சு இருக்காது. அப்புறம் எங்க கொரலு ஒனக்குக் கேக்காது."

அவள் உப்புக் கூடையைக் கவிழ்த்தாள். வலிக்க வலிக்கக் கழுவினாள். காலோடு கால் ஒட்டி மூன்று நாள் கிடந்தாள். நான்காம் நாள் பேச்சுச் சத்தம் அடங்கியது. புண் லேசாக அரித்தது. சொறியப் போன கையைப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். உள்ளே வேலை நடக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. பௌர்ணமியன்று அதே காலோடு பாத்தியில் இறங்கி உப்பு வாரினாள்.

பேச்சை விட்டவர்கள் இன்றுவரை பேசவில்லை. ஆறுகிற புண் அரிப்பதும் அன்று முதல்தான்.