மடியில் வைத்த போட்டி

கோவையில் அனிமேஷன் ஸ்டூடியோ நடத்திய தணிகாசலம், புதுத் தலைமுறை கிராபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப் ஒன்றை வாங்கிவந்தார்.

"இனி அந்தப் பழைய டெஸ்க்டாப் எதுக்கு? காயலான் கடையில போட்டுரு" என்றார், அதில் வேலை செய்யும் பூங்கோதையிடம்.

"கார்டு பழசுதான் சார். ஆனா வேகம் இதுலதான் அதிகம்."

"போட்டி வெச்சுப் பார்ப்போமா? தோத்தா உனக்கு இங்க வேலை கிடையாது."

"சரிங்க சார். மடிக்கணினின்னுதானே பேரு? உங்க மடியிலயே இருக்கட்டும்."

ஊழியர்கள் சூழ்ந்து நிற்க, இரண்டிலும் ஒரே அனிமேஷன் காட்சியை உருவாக்கும் வேலையை ஓடவிட்டார்கள். லேப்டாப் சூடேற ஏற, அதன் வேகம் குறைந்தது. தணிகாசலம் நெளிந்தார், வியர்த்தார், கடைசியில் "ஐயோ, சுடுதே!" என்று துள்ளியெழுந்தார்.

டெஸ்க்டாப்பில் காட்சி முடிந்திருந்தது.

"உக்காருங்க சார், உங்களுதுல இன்னும் பாதி பாக்கி" என்றாள் பூங்கோதை.

அவர் உட்காரவில்லை. டெஸ்க்டாப் இருந்த இடத்திலேயே இருந்தது, பூங்கோதையும்தான்.