குட்டைக்குள் முப்பத்தேழு கணினிகள்

வெள்ளச்சி என்ற நீர்நாய்க்கு ஒரே ஒரு குட்டி. இரண்டும் குடியிருந்தது காட்டரசு அலுவலகத்தின் பின்பக்கக் குட்டையில்.

ஒருநாள் அந்த அலுவலகத்துக்குப் புதுக் கணினிகள் வந்து இறங்கின. மாலை என்ன, மேளம் என்ன, சிங்க ராஜாவின் பேச்சு என்ன! எல்லாம் தடபுடலாக நடந்தது. பழைய கணினிகளை என்ன செய்வது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. ஆளில்லாத நேரம் பார்த்து யாரோ அவற்றைப் பேட்டரியோடு குட்டைக்குள் உருட்டிவிட்டார்கள்.

பேட்டரிகள் வெடித்துக் கசிந்தன. மீன்கள் செத்து மிதந்தன. குட்டிக்குக் கண் எரிந்தது.

"அம்மா, எல்லாம் புகை மாதிரி தெரியுது!" என்று அது அழுதது.

வேறு இடம் போகலாம் என்றால் குட்டிக்கு நடக்கிற வயது இல்லை. வெள்ளச்சி பொருள் காப்பாளர் கரடியிடம் ஓடியது.

"ஐயா, உங்க ஆபீஸ் கணினி எல்லாம் எங்க குட்டையில கிடக்குது! அள்ளிட்டுப் போயிடுங்க!"

கரடி இருப்புப் பதிவேட்டைப் புரட்டியது. "பழைய கணினி முப்பத்தேழு. முப்பத்தேழும் இந்த அறையிலதான் இருக்குன்னு எழுதியிருக்கும்மா!"

"எழுதினது இருக்கட்டும் ஐயா, வந்து பாருங்க! ஒவ்வொண்ணுலயும் உங்க ஆபீஸ் நம்பர் பெயின்ட்ல இருக்குது!"

"வந்து பார்த்தா, இங்க இல்லைன்னு எழுதணும். எழுதினா, எங்க போச்சுன்னு ராஜா கேப்பாரு. எனக்கு எதுக்கு வம்பு? நீ நீர்வளத் துறைக்குப் போ!"

நீர்வளத் துறையில் கொக்கு இருந்தது. "தண்ணி எங்களோடது. மீனும் எங்களோடது. தண்ணிக்குள்ள கிடக்கிற கணினி கரடியோடது!" என்றது.

மறுபடி கரடி. மறுபடி கொக்கு. சாப்பாட்டு நேரம் என்றார்கள், கூட்டம் என்றார்கள், நாளைக்கு வா என்றார்கள். இப்படியே நாலு மாதம் போனது. வெள்ளச்சிக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை. குட்டியின் இடது கண் அதற்குள் பார்வை போய் மூடிக்கொண்டது.

ஒருநாள் காலை வெள்ளச்சி யாரிடமும் போகவில்லை. குட்டைக்குள் முங்கியது. ஒரு பெட்டியைப் பல்லால் கவ்விக் கரையேற்றி, இழுத்து இழுத்து, மதியத்துக்குக் கரடியின் வாசலில் கொண்டுவந்து போட்டது.

"என்ன இது!" என்று கரடி பதறியது.

"உங்க கணினிதான் ஐயா. இந்த அறையில இருக்குன்னு எழுதியிருக்கீங்களே! அதான் கொண்டுவந்தேன்."

கரடி பதிவேட்டை எட்டிப் பார்த்தது. வேண்டாம் என்று சொன்னால் பதிவேடு பொய் என்று ஆகிவிடும்.

"சரி, சரி, உள்ள வை" என்று முனகியது.

அன்று ஒன்று, மறுநாள் இரண்டு. ஐந்தாம் நாள் அறைக்குள் ஒன்பது சேர்ந்துவிட்டன. பேட்டரித் திரவம் தரையில் ஒழுகிக் கரடியின் பாதம் வெந்தது. அடுத்த அறையில் கொக்கு இருமி இருமி மயங்கியது. நெடி ராஜாவின் மூக்குக்கும் எட்டியது.

அப்புறம் பார்க்க வேண்டுமே! அன்றே ஆணை பிறந்தது. அன்றே நாலு யானைகள் வந்தன. அறையில் இருந்ததையும் குட்டையில் கிடந்ததையும் வாரிக்கொண்டு, கணினிகளைப் பக்குவமாகப் பிரித்து ஒழிக்கும் பட்டறைக்குப் போயின. நாலு மாதம் நடக்காதது ஒரே பகலில் முடிந்தது.

கரடி சிரித்த முகத்தோடு ஒரு காகிதத்தை நீட்டியது. "உன் மனுவைத் தீர்த்து வச்சாச்சும்மா! இதுல ஒரு கைநாட்டு வை!"

"என் பிள்ளையோட கண்ணு ஐயா?"

"அது எங்க வேலை இல்லையே! மருத்துவத் துறைக்குப் போ!"

வெள்ளச்சி கைநாட்டு வைக்கவில்லை. சண்டையும் போடவில்லை. அதற்கு அலுத்துப் போயிருந்தது. இதற்குள் நடக்கப் பழகிவிட்ட குட்டிக்குத் தெரியாத இடப்பக்கத்தில் தான் நடந்துகொண்டு, வேறு தண்ணீர் தேடி மெல்லக் கிளம்பியது.

ஒரு பொருளை வாங்கியவர்தான், அது யாருக்கும் கேடில்லாமல் ஒழிகிற வரை அதற்குப் பொறுப்பு.