வடிதுணியின் ஏழு பதில்கள்

முன்னொரு காலத்தில், செஞ்சிக்கு வடக்கே ஒரு நயினார் வீட்டில் வடிதுணி ஒன்று இருந்தது. நயினார் என்பது தமிழ்ச் சமணர்களை ஊரார் அழைக்கும் பெயர். அந்த வீட்டில் துணியில் வடிகட்டாத தண்ணீர் யார் தொண்டையிலும் இறங்காது. கண்ணுக்குத் தெரியாத உயிர்கூடத் தங்களால் சாகக் கூடாது என்பது அவர்களுடைய விரதம். வடிகட்டியதோடு வேலை முடிந்துவிடாது. துணியில் தங்கிய உயிர்களை நல்ல தண்ணீரில் அலசி, வாளியில் இறக்கி, எடுத்த கிணற்றிலேயே நோகாமல் விட்டு வர வேண்டும். வேறு கிணற்றில் விட்டால் அவற்றை நாடு கடத்தியதாக ஆகிவிடும்.

வடிதுணிக்குத் தன் வேலையில் பெருமை உண்டு. இரண்டாக மடித்துத் தைத்த கெட்டி நூல்துணி அது. கூடத்தில் ஏடு வாசிக்கும் இடத்துக்கு நேர் மேலே ஓர் ஆணி. அதில் தொங்கியபடி ஆறு வருஷம் கேட்டதில் சாத்திரம் முழுவதும் பாடமாகிவிட்டது. வினை உயிருக்குள் ஒழுகி வருவது ஊற்று, அந்த வழியை அடைப்பது செறிப்பு, முன்பே ஒட்டியதை உதறித் தள்ளுவது உதிர்ப்பு என்று, தண்ணீர் வடிகிற நேரத்தில்கூட முணுமுணுத்துக்கொண்டிருக்கும்.

"இந்த வீட்டுக்கு நான்தான் செறிப்பு" என்று ஒருநாள் பித்தளைத் தவலையிடம் சொல்லியும் விட்டது. தவலை அதை மறக்கவில்லை.

அப்படிப்பட்ட துணியில் மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு கரப்பான் வாய் வைத்தது. மடிப்போடு கடித்ததால் இரண்டு பக்கமும் நேருக்கு நேர் ஓட்டை. கடுகு அளவுதான்.

அன்றோடு அதன் நிம்மதி போயிற்று. ஓட்டை விழுந்த வடிதுணிக்கு அடுத்த இடம் எது என்று அதற்குத் தெரியும். அதற்கு முன்னால் அந்த ஆணியில் தொங்கிய துணி இப்போது அடுப்படியில் கரித்துணியாகக் கிடந்தது. சூடான பாத்திரம் இறக்கி இறக்கி, முகம் எது முதுகு எது என்றே தெரியாமல் போயிருந்தது. வடிதுணி அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டது. ஒவ்வொரு காலையும் தவலையின் வாயில் தன்னை விரிக்கும்போது, ஓட்டை ஒரு சுருக்கத்துக்குள் விழும்படி உடம்பை ஒடுக்கிக்கொண்டது. தண்ணீர் வடிந்து முடியும்வரை அதற்கு உயிர் உயிராக இருக்காது.

செருக்கைக் கஷாயங்களில் ஒன்று என்று சமண நூல்கள் சொல்லும். கஷாயம் என்றதும் சுக்கு வாசனை நினைவுக்கு வர வேண்டாம். உயிரைப் பிசுபிசுப்பாக்கி, பறந்து வரும் வினைத் துகளை ஒட்ட வைக்கிற பசை அது. இந்தப் பாடமும் வடிதுணிக்கு மனப்பாடம்.

மழைக்காலம் முடிந்த ஒரு காலையில், வீட்டுக்காரர் வசுபாலன் தெருவிலிருந்து ஓடி வந்தார்.

"மருதேவி! முனிவர் நம்ம ஊருக்கு வந்திருக்காரு. இன்னும் ஒரு மணி நேரத்துல ஆகாரத்துக்குத் தெருவுல வருவாரு."

மருதேவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "நம்ம வாசல்ல நிப்பாராங்க?"

"நின்னா பாக்கியம். ஆனா ஒண்ணு கேட்டுக்க. முந்தாநாள் போன ஊர்ல சோத்துல முடி. நேத்து இன்னொரு ஊர்ல பால்ல எறும்பு. ரெண்டு நாளா ஒரு சொட்டுத் தண்ணி உள்ள போகலை. எழுபத்தாறு வயசு. நேத்து நடக்கும்போதே கால் பின்னிச்சாம்."

முனிவர் நாளுக்கு ஒரே வேளைதான் உண்பார். நின்றபடி, இரண்டு கைகளையும் சேர்த்துக் கலமாக ஏந்தி. கையில் விழுந்ததில் முடியோ, செத்த பூச்சியோ புழுவோ தென்பட்டால் கையை விரித்துவிடுவார். பிறகு மறுநாள்வரை தண்ணீரும் கிடையாது.

"இன்னிக்கும் தடை வந்து, அது நம்ம கையால வந்துச்சுன்னா…" என்ற வசுபாலன் மேலே சொல்லாமல் வாசலுக்குப் போய்விட்டார்.

மருதேவி விடிந்ததும் வடிகட்டி வைத்த தண்ணீர் தவலையில் இருந்தது. ஆனால் வடிகட்டிய தண்ணீருக்குத் தவணை இரண்டு நாழிகைதான். அது கடந்துவிட்டதால், மறுபடி வடிகட்டிப் பானையில் ஊற்றிக் காய்ச்ச வேண்டும். அவள் அடுப்பை மூட்டப் போனாள்.

"அடியே செறிப்பு" என்று கூப்பிட்டது தவலை.

"என்ன?" என்றது ஆணியில் இருந்த வடிதுணி.

"உன் மேல் ஓட்டை இருக்கிறதா, இல்லையா?"

வடிதுணி மூன்று வாரமாக இந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டிருந்தது. பதிலும் தயாராக வைத்திருந்தது. "எதையும் ஒரே பார்வையில் முடிவு கட்டக் கூடாது. அதற்குத்தான் அநேகாந்தம் இருக்கிறது. ஒரு வகையில் ஓட்டை உண்டு. ஒரு வகையில் இல்லை. ஒரு வகையில் உண்டும் இல்லையும். ஒரு வகையில் அது சொல்லுக்கு அடங்காதது."

"இது நாலுதான். சாத்திரப்படி ஏழு அல்லவா?"

"உண்டு, சொல்லுக்கும் அடங்காது. இல்லை, சொல்லுக்கும் அடங்காது. உண்டும் இல்லையும், சொல்லுக்கும் அடங்காது."

"நல்லது, ஏழும் ஆயிற்று" என்றது தவலை. "எட்டாவதாக என் வயிற்றில் ஒன்று நெளிகிறது. அதை எந்த வகையில் சேர்க்கட்டும்?"

வடிதுணி ஆணியிலிருந்து தவலைக்குள் எட்டிப் பார்த்தது.

"கொசுப்புழு. விடிகாலையில் உன் வழியாகத்தான் வந்தது. வந்ததிலிருந்து சுவரில் முட்டி முட்டி வழி கேட்கிறது. பாவம், கிணறு எந்தப் பக்கம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை."

"இரண்டாம் முறை வடிகட்டும்போது பிடித்துக்கொள்கிறேன். சுருக்கத்தை இன்னும் இறுக்கிக்கொள்கிறேன்."

"காலையிலும் இறுக்கித்தானே வைத்திருந்தாய்? இது தப்பினால் அடுத்தது கொதிக்கிற பானை. அதற்கு அடுத்தது அந்தப் பெரியவர் கை. ஒரே ஓட்டையில் இரண்டு பேர் வயிற்றில் அடிக்கிறாய். அநேகாந்தம் அடுத்தவன் சொல்வதிலும் உண்மை இருக்கலாம் என்று காது கொடுப்பதற்கு. உன் ஓட்டைக்கு ஒட்டுப் போட இல்லை, தாயே."

ஊரின் மறுகோடித் தெருவில் ஆரவாரம் எழுந்தது. யாரோ ஒருவர், "நமோஸ்து! நில்லுங்கள் சுவாமி!" என்று அழைக்கும் குரல் கேட்டது. இன்னொரு வீட்டு வாசலிலும் அதே குரல். முனிவர் எங்கும் நிற்கவில்லை போலும். குரல்கள் மெல்ல மெல்ல இந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தன.

மருதேவி ஓட்டமாக வந்து கையை நீட்டினாள். வடிதுணி அடுப்படியைப் பார்த்தது. மூன்று வாரத்தில் முதல் முறையாகக் கரித்துணியை நன்றாகப் பார்த்தது. அது அங்கே நிம்மதியாகப் படுத்திருந்தது.

ஆறு வருஷமாக மருதேவி தொட்டதும் பூப்போலக் கழன்று வருகிற துணி, அன்று ஆணியை இறுகப் பிடித்துக்கொண்டது. பற்றை விடுவதற்காக இவ்வளவு கெட்டியாகப் பற்றிய பொருள் வேறு உண்டா, தெரியவில்லை.

மருதேவி வெடுக்கென்று இழுத்தாள். சர்ரென்று கிழிந்தது.

"ஐயோ, இந்த நேரத்துலயா!" அவள் துணியை வெளிச்சத்தில் விரித்தாள். ஆணி கிழித்த நீளமான கிழிசலின் நுனியில், விளிம்பு மங்கிய சின்ன வட்டம் ஒன்று இருந்தது. "ஏங்க! இங்க வாங்க. இது இப்ப கிழிஞ்சது இல்ல. பழைய ஓட்டை. கரப்பான் கடிச்சிருக்கு."

வசுபாலன் எட்டிப் பார்த்தார். "இப்ப வேற துணிக்கு எங்க போறது?"

"போன வாரம் வாங்கின வேட்டி துவைச்சு மடிச்சு வெச்சிருக்கேன்."

"என் வேட்டியா?"

"வேற எது அவ்வளவு கெட்டி?"

"சரி, கரை இல்லாத பக்கமா கிழி" என்றபடியே அவர் மறுபடி வாசலுக்கு ஓடினார்.

புதுத்துணி இரண்டாக மடிந்து பானையின் வாயில் ஏறியது. தவலை சாய்ந்தது. துணியின் நடுவில் ஒரு கருப்புத் துளி நெளிந்தது. மருதேவி மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை அலசி, வாளியில் இறக்கி, கிணற்றுக்குள் கயிற்றை மெல்ல விட்டாள். வாளி தண்ணீரைத் தொட்டுச் சாய்ந்தது. புழு தன் ஊர் போய்ச் சேர்ந்தது.

பானை கொதித்து இறங்கிய பிறகுதான் முனிவர் மற்றத் தெருக்களைக் கடந்து வந்து அந்த வாசலில் நின்றார். ஆறிய தண்ணீர் அவர் கையில் விழுந்தது. அவர் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு முனிவர் குடித்தார். முப்பத்திரண்டு கவளம்வரை கொள்ளலாம் என்பது விதி. அவர் பதினெட்டில் நிறுத்திக்கொண்டார்.

முன்னதாக, கொதித்த பானையை அடுப்பிலிருந்து இறக்கும்போது மருதேவியின் கைக்கு அகப்பட்டது பழைய வடிதுணிதான். கரி அப்பிய உடம்போடு அது அடுப்படியில், தனக்கு முன்னவளின் பக்கத்தில் விழுந்தது.

ஆணியில் ஏறிய புதுத்துணி, கரித்துணியாகிவிட்ட பழைய வடிதுணியைக் குனிந்து பார்த்தது. அதற்குள் அதன் குரலில் கொஞ்சம் விறைப்பு வந்திருந்தது.

"ஏனக்கா, உன் மேல் ஓட்டை என்கிறார்களே, உண்டா, இல்லையா?"

தவலை காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது.

"உண்டு" என்றது கரித்துணி.